வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு: வயிற்றைத் திறக்காமல் செய்யப்படும் சிகிச்சை

மங்கலம்பேட்டையில் வசிக்கும் 68 வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொந்தரவுக்காக விருத்தாசலம் சென்று வயிற்று ஸ்கேன் எடுக்கிறார். அறிக்கையின் கடைசி வரியில், வயிற்றிலுள்ள பெருந்தமனி 5.8 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்திருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு வலி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். ஆனால் மருத்துவர், உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இருவகையாகப் பேசுகின்றனர். "இந்த வயதில் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தால் தாங்குவாரா?" என்பது ஒரு கவலை. "இப்போது தொடையில் சிறு துளையிட்டே சரிசெய்துவிடுகிறார்களாமே, அதைச் செய்துவிட்டால் முடிந்தது" என்பது ஒரு நம்பிக்கை.

கவலையிலும் உண்மை உண்டு, நம்பிக்கையிலும் உண்மை உண்டு. ஆனால் "முடிந்தது" என்ற சொல்லில்தான் பிழை உள்ளது. துளை வழியாகச் செய்யும் சிகிச்சை முதல் ஆபத்தைக் குறைக்கிறது. அதற்கு ஈடாக வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பைக் கோருகிறது. இதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்தமனிப் புடைப்பு என்றால் என்ன?

இதயத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் முதன்மைக் குழாய் பெருந்தமனி எனப்படுகிறது. அது மார்பைக் கடந்து, வயிற்றில் முதுகெலும்புக்கு முன்புறமாக இறங்கி, சிறுநீரகங்களுக்குக் கிளைகளைக் கொடுத்து, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது. வயிற்றுப் பகுதியில் அதன் இயல்பான விட்டம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்தால் அதனைப் பெருந்தமனிப் புடைப்பு என்கிறோம். மருத்துவர்கள் இதனை "அனியூரிசம்" என்பர். பேச்சு வழக்கில் இரத்தக்குழாய் வீக்கம் என்றும் கூறப்படுவதுண்டு.

மிதிவண்டி டியூபில் இரப்பர் நைந்த இடம், காற்றடிக்கும்போது உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் நிகழ்வது அதுவே. குழாய்ச் சுவரின் உறுதி குறைந்த இடத்தை இரத்த அழுத்தம் வெளியே தள்ளுகிறது. விட்டம் பெருகப் பெருகச் சுவரின் மீது விழும் இழுவிசையும் பெருகுகிறது. ஆகையால் புடைப்பு தானாகச் சுருங்குவதில்லை. மருந்தால் அதனைக் கரைக்கவும் இயலாது.

யாருக்கு ஏற்படுகிறது? எவ்வாறு கண்டறியப்படுகிறது?

65 வயதைக் கடந்தவர்கள், ஆண்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவை அனைத்திலும் வலிமையான காரணம் புகைப்பழக்கம். சிகரெட்டைப் போலவே பீடியும் இரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைக்கிறது. இளம் வயதினருக்குத் தமனி அழற்சி நோய்களாலும், சிலருக்குக் கிருமித்தொற்றாலும் புடைப்பு ஏற்படுவதுண்டு. அவற்றுக்கான சிகிச்சை முறை வேறு. இங்கு விளக்கப்படுவது பெரும்பாலோருக்கு வரும், வயது முதிர்வை ஒட்டிய புடைப்பைப் பற்றியதாகும்.

பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஒல்லியான உடல்வாகு கொண்ட சிலர், மல்லாந்து படுக்கும்போது தொப்புளுக்கு அருகே துடிப்பை உணரலாம். வயிற்றிலோ முதுகிலோ ஓயாத வலி தோன்றினால் புடைப்பு வேகமாகப் பெருகுகிறது என்று கருத வேண்டும்.

சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இதனைக் கண்டறியப் போதுமானது. ஊசி, மருந்து, கதிர்வீச்சு எதுவும் அதில் இல்லை. பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்கள் அனைவருக்கும் இப்பரிசோதனைக்கு அரசே அழைப்பு அனுப்புகிறது. நம் நாட்டில் அத்தகைய தேசியத் திட்டம் இல்லை. எனவே புகைபிடித்த வழக்கமுள்ள 65 வயதைக் கடந்த ஆண்கள், வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது, பெருந்தமனியின் அளவையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்வது நன்று.

எப்போது சிகிச்சை தேவை?

புடைப்பு கண்டறியப்பட்ட உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. அளவே முதல் அளவுகோல்.

3 முதல் 3.9 சென்டிமீட்டர் வரை: மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்கேன்.
4 முதல் 4.9 சென்டிமீட்டர் வரை: ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன்.
5 முதல் 5.4 சென்டிமீட்டர் வரை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் எட்டினால்: சிகிச்சை குறித்து இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் கலந்தாலோசிக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த இடைவெளிகள் சற்று மாறலாம். ஓர் ஆண்டுக்குள் 1 சென்டிமீட்டருக்கு மேல் பெருகினாலோ, வலி தோன்றினாலோ, அளவு சிறிதாக இருந்தாலும் சிகிச்சை தேவைப்படும்.

"சிறிதாக இருக்கும்போதே துளை வழியாகச் சரிசெய்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திறந்த அறுவை சிகிச்சை குறித்து நடந்த பெரிய ஆய்வுகள், 5.5 சென்டிமீட்டருக்குக் குறைவான புடைப்பை முன்கூட்டியே அறுவை செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. துளை வழிச் சிகிச்சையை வைத்துச் செய்த ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. ஆகவே "காத்திருங்கள், ஸ்கேன் எடுத்துக்கொண்டே வாருங்கள்" என்று மருத்துவர் கூறினால் அதனை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

திறந்த அறுவை சிகிச்சை

பெருந்தமனிப் புடைப்பை வெட்டி நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1951ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சார்ல் துபோ என்னும் மருத்துவர் வெற்றிகரமாகச் செய்தார். அதற்கு முன்னர் நல்ல வழி எதுவும் இருக்கவில்லை. இயற்பியல் அறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு 1948ஆம் ஆண்டு இதே நோய் கண்டறியப்பட்டபோது, ருடால்ஃப் நிசென் என்னும் அறுவை மருத்துவர் புடைப்பைச் சுற்றிலும் செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். அது அவருக்குச் சில ஆண்டுகளைத் தந்தது. 1955 ஏப்ரலில் அப்புடைப்பு வெடித்து அவர் தம் 76ஆம் வயதில் காலமானார். அந்நேரத்தில் அறுவை சிகிச்சைக்கு அவர் இசையவில்லை.

இன்றைய திறந்த அறுவை சிகிச்சையில், முழு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றின் நடுவே நீண்ட கீறலிட்டு, பெருந்தமனியில் இரத்த ஓட்டத்தைக் கவ்விகளால் சிறிது நேரம் நிறுத்தி, புடைத்த பகுதியைத் திறந்து, அங்கே பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக் குழாயைத் தைத்துவிடுகின்றனர். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களும், மருத்துவமனையில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரையிலும் இருக்க நேரிடும். பழைய வலிமை திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு இது பெருஞ்சுமை. வெட்டிய இடத்தில் பிற்காலத்தில் குடலிறக்கம் ஏற்படுவதும், ஆண்களில் சிலருக்குப் பாலுறவு ஆற்றல் குறைவதும் உண்டு. எனினும், கையால் தைக்கப்பட்ட அந்தக் குழாய் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டிய தேவையும் மிகக் குறைவு.

துளை வழிச் சிகிச்சை எவ்வாறு செய்யப்படுகிறது?

இச்சிகிச்சையை மருத்துவர்கள் சுருக்கமாக "ஈவார்" என்று அழைக்கின்றனர். சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கலாய் வலோதஸ் என்பவர் 1987ஆம் ஆண்டு மார்புப் பகுதிப் பெருந்தமனியில் இவ்வகைக் குழாயைப் பொருத்தினார். வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்புக்கு, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி 1990 செப்டம்பர் 7 அன்று இச்சிகிச்சையைச் செய்தார். வயிற்றைத் திறந்தால் தாங்கமாட்டார்கள் என்று கருதப்பட்ட நோயாளிகளுக்காகவே அவர் இவ்வழியைத் தேடினார். 1999ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இதற்கான கருவிகளுக்கு ஒப்புதல் அளித்தது. இன்று உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

சிகிச்சையின் படிகள் பின்வருமாறு:

முதலில், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் மூலம் பெருந்தமனியின் ஒவ்வொரு அங்குலமும் அளக்கப்படுகிறது. நோயாளியின் அளவுக்கேற்ற குழாய் தேர்வு செய்யப்படுகிறது.

சிகிச்சை நாளில், இரு தொடை இடுக்குகளிலும் உள்ள தமனிகளில் சிறு துளையோ சிறு கீறலோ இடப்படுகிறது. சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். சிலருக்கு முதுகுத்தண்டில் ஊசி போடப்படும். சிலருக்கு முழு மயக்கம் தேவைப்படும்.

துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்று பெருந்தமனிக்குள் செலுத்தப்படுகிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே, அக்கம்பியின் மீது மடித்துச் சுருக்கிவைக்கப்பட்ட உட்குழாய் மேலே கொண்டுசெல்லப்படுகிறது. உலோக வலைச் சட்டமும் செயற்கை இழைத் துணியும் சேர்ந்த இக்குழாய் "ஸ்டென்ட் கிராஃப்ட்" எனப்படுகிறது. சரியான இடத்தை அடைந்ததும் அது விரிக்கப்படுகிறது. விரிந்தபின் பார்த்தால், இரு கால்கள் கொண்ட கால்சட்டையைப் போன்ற வடிவில் அது இருக்கும். மேல்பகுதி புடைப்புக்கு மேலேயுள்ள நல்ல தமனியையும், இரு கால்களும் கீழேயுள்ள இடுப்புத் தமனிகளையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன.

இதன்பின் இரத்தம் புதிய உட்குழாய் வழியாகவே ஓடுகிறது. புடைப்பு உள்ளேயே இருக்கும்; ஆனால் அதன் சுவரை இரத்த அழுத்தம் தாக்குவதில்லை. பெரும்பாலோர் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்புகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திறந்த அறுவை சிகிச்சையில் குழாய் தையலால் நிற்கிறது. ஈவார் சிகிச்சையில் குழாய் தன் விரிவிசையாலும் சிறு கொக்கிகளாலும் மட்டுமே நிற்கிறது. பின்னர் விவரிக்கப்படும் நன்மைகள், குறைகள் ஆகிய இரண்டுக்கும் வேர் இந்த வேறுபாடே.

எல்லோருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. முடிவு செய்வது நோயாளியின் விருப்பம் மட்டுமன்று. அவருடைய இரத்தக்குழாயின் அமைப்பும் ஆகும்.

உட்குழாய் பற்றிக்கொள்வதற்கு, சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே புடைக்காத நல்ல தமனி ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். அப்பகுதி மிகையாக அகன்றோ, வளைந்தோ, சுண்ணாம்பு படிந்தோ இருத்தல் கூடாது. கருவி ஏறிச் செல்லும் அளவுக்கு இடுப்புத் தமனிகள் அகலமாக இருக்க வேண்டும். சிறிய உடற்கட்டு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இது தடையாக அமைவதுண்டு.

பற்றிக்கொள்ள இடமில்லாதவர்களுக்கு, சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் கிளைகளுக்கு நேரே துளைகள் வைத்துச் செய்யப்பட்ட சிறப்பு உட்குழாய்கள் உண்டு. அவை ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்துச் செய்யப்படுவதால் வந்துசேர வாரங்கள் ஆகலாம். செலவும் மிக அதிகம்.

சி.டி. ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் செலுத்தப்படும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எனவே சிறுநீரகக் குறைபாடு இருந்தாலோ, மெட்ஃபார்மின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை உட்கொண்டாலோ, முன்னர் இம்மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ மறவாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு பிரிட்டனில் நடைபெற்றது. அதன் முதல் முடிவு 2004ஆம் ஆண்டு வெளியானது. சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், திறந்த அறுவை சிகிச்சையில் நூற்றுக்கு 4.7 பேர், ஈவார் சிகிச்சையில் நூற்றுக்கு 1.7 பேர். நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் இதே திசையில் முடிவு தந்தன. முதல் மாதத்தைப் பொறுத்தவரை துளை வழிச் சிகிச்சை பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை.

அதே பிரிட்டன் ஆய்வு நோயாளிகளை 15 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, 2016ஆம் ஆண்டு நீண்டகால முடிவை வெளியிட்டது. தொடக்கத்தில் கிடைத்த ஆதாயம் சில ஆண்டுகளில் மறைந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், ஈவார் செய்துகொண்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. உட்குழாய் பிடி தளர்ந்தோ கசிந்தோ பழைய புடைப்பு மீண்டும் வெடித்ததும் அதற்கு ஒரு காரணம். அமெரிக்க ஆய்வில் நீண்டகால ஆயுளில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் மறுசிகிச்சை தேவைப்பட்டோர் ஈவார் பிரிவில் அதிகம்.

இந்த முடிவுகளை மருத்துவ உலகம் ஒரே விதமாகப் படிக்கவில்லை. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், வெடிக்காத புடைப்புக்குத் தாங்கக்கூடியவர்களுக்குத் திறந்த அறுவை சிகிச்சையையே முன்வைக்கிறது. ஐரோப்பிய இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கம், தமனி அமைப்பு பொருந்தும் பெரும்பாலோருக்கு ஈவார் சிகிச்சையையும், நீண்ட ஆயுள் எதிர்பார்க்கப்படுவோருக்குத் திறந்த அறுவை சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. ஆகவே இரு மருத்துவர்கள் இருவேறு கருத்தைக் கூறினால், ஒருவர் தவறாகக் கூறுகிறார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்பதும் சில நேரங்களில் சரியான முடிவாகலாம். திறந்த அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத அளவுக்கு இதயமோ நுரையீரலோ நலிந்தவர்களுக்கு ஈவார் செய்தும் மொத்த ஆயுள் கூடவில்லை என்று பிரிட்டனின் மற்றோர் ஆய்வு காட்டியது. அத்தகையோரின் மருத்துவர் "செய்யாமல் விடலாம்" என்று கூறினால், அது கைவிடுதல் ஆகாது.

உள்கசிவும் வாழ்நாள் கண்காணிப்பும்

உட்குழாய் பொருத்தியபின்னும் புடைப்புக்குள் இரத்தம் புகுவதை உள்கசிவு என்கிறோம். இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

உட்குழாயின் மேல் முனையோ கீழ் முனையோ சரியாக ஒட்டாமல் இரத்தம் புகுவது முதல் வகை. பக்கக் கிளைத் தமனிகள் வழியாக இரத்தம் பின்னோக்கி வந்து சேர்வது இரண்டாம் வகை. உட்குழாயின் பகுதிகள் பிரிந்தோ துணி கிழிந்தோ கசிவது மூன்றாம் வகை.

இரண்டாம் வகையே மிகுதியாகக் காணப்படுகிறது. புடைப்பு பெருகாதவரை அதனைக் கண்காணித்தால் போதும்; பல நேரங்களில் தானே அடைபடும். முதல் வகையும் மூன்றாம் வகையும் ஆபத்தானவை. தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அதையும் துளை வழியாகவே செய்ய முடியும்.

உள்கசிவுக்கு வலியோ காய்ச்சலோ கிடையாது. நோயாளி நலமாக இருப்பதாகவே உணர்வார். ஸ்கேன் ஒன்றே அதனைக் காட்டும். எனவே சிகிச்சைக்குப் பின் ஒரு மாதத்திலும், ஓராண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும் சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுக்கும் காலமும் வகையும் மருத்துவர் கூறியபடி அமையும். ஆனால் நிறுத்திவிடக் கூடாது. "மூன்று ஆண்டுகளாக ஒன்றும் இல்லையே" என்று நான்காம் ஆண்டு போகாமல் விடுவதே இச்சிகிச்சையில் நேரும் பெருந்தவறு.

முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

மருத்துவரைச் சந்திக்கும்போது குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து இக்கேள்விகளைக் கேட்பது நல்லது.

1. என் தமனியின் அமைப்பு ஈவார் சிகிச்சைக்கு நன்றாகப் பொருந்துகிறதா, அல்லது ஓரளவுதான் பொருந்துகிறதா?
2. என் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையில் திறந்த அறுவை சிகிச்சையின் ஆபத்து எவ்வளவு?
3. இம்மருத்துவமனையில் இரு முறைகளும் செய்யப்படுகின்றனவா?
4. தொடர் ஸ்கேன்களை எங்கே எடுக்கலாம்? ஒவ்வொரு முறையும் இங்கேயே வர வேண்டுமா?
5. உட்குழாயின் விலையும் பின்னாளில் மறுசிகிச்சை தேவைப்பட்டால் அதன் செலவும் காப்பீட்டில் எந்த அளவுக்கு அடங்கும்?

நான்காம் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். சென்னையில் வசிப்பவருக்கு ஸ்கேன் என்பது ஒரு காலைப்பொழுது. மங்கலம்பேட்டையிலிருந்து செல்பவருக்கு அது ஒரு முழு நாள், உடன்வருபவரின் ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம். ஆண்டுதோறும் இதனைச் செய்ய முடியுமா என்பதை வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். முடியாது என்று தோன்றினால் அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அறுபது வயதில் உடல் உறுதியோடு இருப்பவர், தொடர்ந்து வர இயலாதவர் என்றால், திறந்த அறுவை சிகிச்சையே அவருக்கு ஏற்றதாக அமையலாம். எண்பது வயதில் இதயம் நலிந்தவர், மகனோ மகளோ அழைத்துவரத் துணை உள்ளவர் என்றால், ஈவார் அவருக்கு ஏற்றதாக அமையலாம்.

எங்கே அணுகுவது?

முதற்படியாக உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலோ ஸ்கேன் அறிக்கையைக் காட்டுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள உயர் மருத்துவமனைக்குச் செல்லலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறை உள்ளது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதயம், மார்பு, இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைத் துறை உள்ளது. செல்லும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகள், படங்கள் பதிந்த குறுந்தகடு, உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

உட்குழாயின் விலை இலட்சக்கணக்கான ரூபாய் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கட்டாயம் உடன் கொண்டுசெல்லுங்கள். இத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சிகிச்சைக்கு முன்னரே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி பெற வேண்டும். அட்டை இல்லாதவர்கள், புடைப்பு கண்காணிப்பு நிலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

காத்திருக்கும் காலத்திலும் சிகிச்சைக்குப் பின்னரும்

பீடி, சிகரெட்டை முற்றிலும் நிறுத்துங்கள். புகைப்பது புடைப்பின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. வெடிக்கும் ஆபத்தையும் கூட்டுகிறது.

இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இவை வீட்டுக்கே வந்து சேர்கின்றன. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால் அதனையும் தொடருங்கள்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்காக வேறு மருத்துவரிடம் சென்றால் புடைப்பு இருப்பதைக் கூறுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் பெருந்தமனிச் சுவரைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. வேறு மருந்து இருக்கும்போது இவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடையில் நீங்களாகவே வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

நடைப்பயிற்சி நல்லது. மூட்டை தூக்குதல், முக்கித் தள்ளுதல் போன்ற கடும் வேலைகளைத் தவிருங்கள். வயிற்றைப் பிடித்துவிடுதல், குடல் தட்டுதல் போன்றவற்றை எவரிடமும் செய்துகொள்ளாதீர்கள்.

ஈவார் முடிந்து வீடு திரும்பியபின், ஒரு கால் குளிர்ந்துபோனாலோ, மரத்துப்போனாலோ, நடக்கையில் புதிதாக வலித்தாலோ, தொடை இடுக்கில் வீக்கமோ சீழோ கண்டாலோ, சில நாட்களில் காய்ச்சல் தணியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உயிர் காக்கும் நேரம்

திடீரென வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ தாங்கமுடியாத வலி, உடல் வியர்த்தல், மயக்கம் ஆகியவை தோன்றினால் புடைப்பு வெடித்திருக்கலாம். வெடித்தவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனையை அடைவதற்கு முன்பே இறந்துவிடுகின்றனர். இவ்வலி சிறுநீரகக் கல் வலியை ஒத்திருப்பதால் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. வலி மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108 எண்ணை அழைத்து, "இவருக்குப் பெருந்தமனியில் புடைப்பு இருக்கிறது" என்று முதல் சொல்லாகக் கூறுங்கள். ஸ்கேன் அறிக்கையை கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெடித்த நிலையிலும், அமைப்பு பொருந்தினால், ஈவார் மூலம் உயிர் காக்க வாய்ப்புண்டு. ஆனால் அதற்கு நோயாளி உயிருடன் அங்கே சென்றடைய வேண்டும். முன்பே கண்டறிந்து, தக்க காலத்தில் சிகிச்சை பெறுவதே மேலான வழி.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெரியவரின் குடும்பத்துக்கு நாம் கூறக்கூடியது இதுதான்: இரு வழிகளும் நல்ல வழிகளே. ஒன்றில் சுமை முன்னே இருக்கிறது; மற்றொன்றில் சுமை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பின்னே வருகிறது. எந்தச் சுமையை உங்களால் சுமக்க முடியும் என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஈவார் என்று முடிவானால், மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே அடுத்த ஸ்கேன் எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்கி, வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலை குறித்த முடிவுகளை மருத்துவரின் நேரடி ஆலோசனையின் பேரிலேயே எடுக்க வேண்டும். உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.